சாப்பாட்டுப் பெட்டியில் மகரந்தம்: வத்தேகமவிலிருந்து கலஹாவுக்கு

கடந்த மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, பூ நிறைந்த சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வத்தேகமவிலிருந்து கலஹா வரை போனேன். ஒன்று கண்டிக்கு வடகிழக்கே, மற்றது தெற்கே. நடுவில் கண்டி நகரம் தன் முழு நெரிசலோடும் உட்கார்ந்திருக்கிறது. ஏரியும் மாளிகையும் தேடி வந்தவர்கள் வேறு பதிவுக்குப் போகலாம், நிறையவே இருக்கின்றன. பழமரம் வைத்திருப்பவர்களும் வைக்கப் போகிறவர்களும் இருங்கள்.

காரணம் என் அக்கா கௌரி. பல்லேகல தொழிற்பேட்டையில் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில், தைத்து வரும் துணிகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வையாளர். எங்கள் குடும்பத்தில் தன் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதி நிலம் வாங்கிய முதல் ஆளும் அவள்தான். கலஹாவுக்குக் கொஞ்சம் கீழே, சரிவான துண்டு நிலம். அதில் பதினாறு பம்பளிமாஸ் மரங்கள். எங்கள் பக்கத்தில் ஜம்போலா என்பார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தின் பின்னால் நின்ற ஒரு மரத்தின் பழம் சிவப்புச் சதை, சீனி போல இனிப்பு. அதை விட்டால் வேறு பழம் வேண்டாம் என்று அந்த ஒரே மரத்திலிருந்து மொட்டு எடுத்துப் பதினாறையும் ஒட்டவைத்து நட்டாள்.

மரங்கள் நன்றாகத்தான் வளர்ந்தன. பெப்ரவரி வெயிலுக்குப் பிறகு முதல் மழை விழுந்ததும் சரிவு முழுக்கப் பூ. வாசனை பிரதான வீதி வரைக்கும் வரும். தேனீயும் வரும். ஆனால் காய் வராது. மூன்று வருடமாக இதே கதை. பசளை மாற்றினார்கள். மருந்தடித்தார்கள். கண் பட்டுவிட்டது என்று வேலியில் ஒரு பூசணிக்காய்க்கு முகம் வரைந்து தொங்கவிட்டார்கள். பூசணி அழுகி விழுந்ததுதான் மிச்சம்.

அக்காவின் கணவர் சிவா அத்தான் மரக்கறி ஏற்றும் சின்ன லொறி ஓட்டுபவர். நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. மரம் வெட்டும் மெஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் சித்திரை வருடப் பிறப்பு முடிந்ததும் வரச் சொல்லிவிட்டார். மரங்களை வெட்டிவிட்டு மிளகுக் கொடி போடுவது அவருடைய திட்டம்.

"பூவ வச்சிக்கிட்டு என்ன பண்ணுறது மச்சான்? கொழம்பா வைக்கிறது?" என்று என்னிடமே கேட்டார்.

அக்கா எழுந்து வெளியே போய் அந்த மரங்களுக்கு நடுவில் நின்றாள். எனக்குக் கோபம் வந்தது.

நான் பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளன். நுணுக்குக்காட்டியில் நுண்ணிய பொருட்களைப் பார்ப்பதுதான் என் வேலை. அக்காவின் மரங்களில் ஒன்றின் சில பூக்களுக்கு அதே மரத்தின் மகரந்தத்தைப் பூசிவிட்டு, சில நாள் கழித்துப் பூவின் நடுத்தண்டுகளை மட்டும் வெட்டி எடுத்து, பொறுப்பானவரிடம் அனுமதி கேட்டு, சாயமேற்றிப் புற ஊதா ஒளியில் பார்த்தேன். மகரந்தம் முளைத்துத் தண்டுக்குள் குழாய் விட்டுக் கீழே இறங்குவது, அந்த ஒளியில் பச்சை நீல நூல் போலத் தெரியும். எல்லா நூலும் தலையிலிருந்து மூன்றிலொரு பங்கு தூரம் இறங்கி அங்கேயே நின்றிருந்தது. நுனிகள் வீங்கியிருந்தன. ஒன்றுகூட அடியை எட்டவில்லை.

அன்றைக்கே அக்காவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஒன் மரம் மலடு இல்ல. பதினாறும் ஒரே மரம். அதான் பிரச்சினை."

"பதினாறு மரம்டா. நான்தான குழி வெட்டுனேன்."

"குழி பதினாறு. மரம் ஒன்னு. ஒன்ன வெட்டி பதினாறு எடத்துல நட்டிருக்க. தன் பூவுக்குத் தன் மகரந்தம் ஆகாது."

ஏன் ஆகாது என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பயணம் மட்டும் வேண்டுபவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டலாம். தாண்டினால் நட்டம் உங்களுக்குத்தான்.

இந்த வகைப் பழமரங்களில் பூவின் தண்டு ஒரு நஞ்சைச் சுரக்கிறது. மகரந்தக் குழாய்க்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. என்ற செய்தி நூலைத் துண்டுதுண்டாக நறுக்கும் நொதியம் அது. உள்ளே வருவது யாருடைய மகரந்தம் என்று அது பார்ப்பதில்லை. வருகிற எல்லாக் குழாய்க்குள்ளும் புகுந்துவிடும். தப்புவது மகரந்தத்தின் சாமர்த்தியம். மகரந்தம் தன்னோடு ஒரு கூட்டம் புரதங்களைக் கொண்டு வருகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு மரங்களின் நஞ்சை அடையாளம் காணக்கூடியது. கண்டதும் அதன் மேல் ஒரு முத்திரையை ஒட்டும். முத்திரை விழுந்த நஞ்சைக் கலத்துக்குள் இருக்கும் அரைவை இயந்திரம் இழுத்துப்போட்டு அரைத்துவிடும். குழாய் பிழைத்துக்கொண்டு கீழே இறங்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் கிடையாது: தன் சொந்த மரத்தின் நஞ்சை அடையாளம் காணும் ஆள். ஊரில் உள்ள எல்லா நஞ்சையும் சமாளிக்கும் மகரந்தம், சொந்த வீட்டு நஞ்சில் சாகிறது. கருத்தரிப்பு ஒரே இரத்தத்துக்குள் நடக்காமல் இருக்க மரம் வைத்திருக்கும் ஏற்பாடு இது.

அப்போதும் மகரந்தம் உடனே விழுவதில்லை. பேரி மரத்தில் பார்த்திருக்கிறார்கள். நஞ்சு ஏறத் தொடங்கியதும் மகரந்தக் குழாய் ஒரு வகைக் கொழுப்புப் பொருளை உண்டாக்கித் தன் உள் எலும்புக்கூட்டை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறதாம். கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு அதுவும் சரிந்துவிடும். நான் நுணுக்குக்காட்டியில் பார்த்த அந்த மூன்றிலொரு பங்குத் தூரம் சும்மா வந்த தூரமில்லை. எனக்கு அந்த நூல்களின் மேல் ஒரு மரியாதை வந்தது. சிரித்தால் சிரியுங்கள்.

இதையெல்லாம் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்ப அது எங்க வேலதான்" என்றாள். "பிழை இருக்கிற எடத்துல நாங்க செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுறோம்ல, ஒட்டுனா அது கழிவுக்குப் போயிரும். அந்த மாதிரி."

"அதே மாதிரி."

"தச்சவளே தன் உடுப்பச் செக் பண்ணக் கூடாதுன்னு எங்கள்ட்ட ரூல் இருக்கு. தன் பிழை தன் கண்ணுல படாது. வேற ஆள்தான் பாக்கணும்."

ஆய்வுகூடத்தில் இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இவ்வளவு வேகமாக யாரும் பிடித்ததில்லை. என் அக்கா என்பதால் சொல்லவில்லை. சரி, அதனாலும்தான் சொல்கிறேன்.

ஆக, தேவை வேறொரு மரத்தின் மகரந்தம். மருந்தகத்தின் பின்னால் முன்பு ஒரு புளிப்பு ஜம்போலாவும் நின்றது. யாரும் சாப்பிட மாட்டார்கள். மின்கம்பி இழுக்க அதை வெட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த இனிப்பு மரமும் காய்க்கவில்லை என்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கே நுணுக்குக்காட்டிக்குப் பிறகுதான் உறைத்தது. வத்தேகம சந்தையில் வெள்ளைச் சதை ஜம்போலா விற்பதைக் கண்டிருந்தேன். விசாரித்ததில் அங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் ரிஸ்வி நானாவின் வீட்டு மரத்துப் பழம் என்று தெரிந்தது (முஸ்லிம் வீடுகளில் அண்ணன் நானா, அக்கா ராத்தா). பேசினேன். வரச் சொன்னார். அந்த மரத்தின் மகரந்தம் எங்கள் மரத்துக்குப் பொருந்துமா என்று முன்கூட்டிச் சோதிக்க நேரமில்லை. பூ உதிரத் தொடங்கியிருந்தது. பொருந்தாவிட்டால் சித்திரைக்குப் பிறகு மிளகுதான்.

கண்டியிலிருந்து மாத்தளை போகும் காலை ரயிலில் ஏறினேன். வத்தேகம சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். மூன்றாம் வகுப்புச் சீட்டு ஒரு பிளேன்டீயின் விலைதான். கட்டுகஸ்தோட்டையில் மகாவலிப் பாலத்தைத் தாண்டும்போது இடது பக்கமோ வலது பக்கமோ எங்கே உட்கார்ந்தாலும் ஆறு தெரியும், அடித்துப்பிடிக்க வேண்டாம். ரயில் மெதுவாகத்தான் போகும். எனக்கு மெதுவாகப் போகும் எதுவும் பிடிக்காது, ஆனாலும் பஸ்ஸை விட இது நேரத்துக்குப் போய்ச் சேரும்.

நானாவின் வீடு கடைக்குப் பின்னாலேயே. மரம் கூரைக்கு மேல் வளர்ந்திருந்தது. எட்டும் கிளைகளில் அன்று காலை விரிந்த பூக்களை, மஞ்சள் தூள் தெரிகிறவையாகப் பார்த்துப் பறித்து ஒரு தட்டில் வைத்தேன். நானாவின் மனைவி தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். போய்க் குடித்துவிட்டு வந்து பார்த்தால் தட்டு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

"ராத்தா, இதுல தண்ணி..."

"ஓ, நான்தான் தெளிச்ச. வாடிப் போகுமே தம்பி, தூரப் பயணம்."

கோயிலுக்கானாலும் கல்யாணத்துக்கானாலும் பூவைப் பறித்தால் தண்ணீர் தெளிப்பதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் மகரந்தத்துக்குத் தண்ணீர் ஆகாது. உறிஞ்சி, ஊதி, வெடித்துவிடும். இதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ராத்தாவின் முகம் சுருங்கியது.

ரிஸ்வி நானா சிரித்தார். "கலியாணம் கட்டி முப்பது வருஷம். நானும் வாடிப் போகாம ஈக்கிறது இவ தெளிச்ச தண்ணியாலதான். கோவிக்காதீங்க தம்பி."

"இவருக்குத் தெளிச்சது சுடுதண்ணி" என்றார் ராத்தா.

எட்டுகிற கிளையெல்லாம் மொட்டையாகியிருந்தது. நானா கடைக்குள் போய் விற்பனைக்கு வைத்திருந்த புது அலுமினிய ஏணியை, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையோடு தூக்கி வந்து சாத்தினார். நான் கூரை ஓரம் வரை ஏறிப் பறிக்க, ராத்தா கீழே நின்று பெட்டியைப் பிடித்தார். பெட்டிக்குள் ஆய்வுகூடத்தில் ஈரம் உறிஞ்சப் போடும் மணிகள், அதன் மேல் தாள், தாளின் மேல் பூ. கடைசிப் பூவை வைத்ததும் அவரே மூடியை அழுத்தி மூடி, "இனி யாரு வந்து தெளிச்சாலும் உள்ளுக்குப் போகாது" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

திரும்பும்போது ரயில் இல்லை. மடவளை, கட்டுகஸ்தோட்டை வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். நின்றுதான் போக வேண்டியிருந்தது. நடத்துனர் பெட்டியைக் காட்டி, "மல்லி, ஏக உட தியன்ன" என்றார், தம்பி அதை மேலே தட்டில் வை என்று சிங்களத்தில். முடியாது என்றேன். என்ன, வெடிகுண்டா என்று கேட்டார். பூ என்றேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகையாவையில் வண்டிகள் அசையவே இல்லை. தெற்குப் பக்கம் மலைக்கு மேல் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. கலஹாவில் மார்ச் மழை பிற்பகலில்தான் வரும். பூசிய மகரந்தம் சில மணி நேரமாவது நனையாமல் இருக்க வேண்டும். பொறுமை என் குணமில்லை. இறங்கி நகரத்துக்குள் நடந்தேன். நடந்தவன் பஸ்ஸை முந்தினேன் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

கண்டியில் கலஹா பஸ் ஏறும் இடத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நிலைய வேலைகள் நடப்பதால் நிறுத்துமிடங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தவறினால் பேராதனை வரை ஏதாவது ஒரு பஸ்ஸில் போய்க் கலஹா சந்தியில் மாறலாம். கண்டியிலிருந்து மொத்தம் சுமார் இருபது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஹிந்தகலை தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறும். வயிறு ஒத்துழைக்காதவர்கள் முன்பக்கம் உட்காருங்கள்.

அந்த பஸ்ஸில் இடம் கிடைத்தது. பக்கத்தில் சந்தைப் பையோடு ஒரு அம்மா. மூடிய பெட்டியிலிருந்தும் வாசனை வந்துகொண்டிருந்தது.

"எந்தக் கோயிலுக்குப் பூ தம்பி?"

"கோயிலுக்கு இல்லம்மா. மரத்துக்கு."

"மரத்துக்குப் பூவா? மரத்துலதான பூவு இருக்கும்."

"இருக்கு. அதுக்கு மாப்பிள்ளை வேணும்."

அவர் பெட்டியையும் என்னையும் பார்த்தார். "ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல."

"அதான பாத்தேன். மொதல்ல மரத்துக்கா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் மங்கியிருந்தது. அக்கா விடுமுறை போட்டுவிட்டுக் காத்திருந்தாள். கையில் ஒரு தாள் நிறையச் சிவப்பு அம்புகள். தொழிற்சாலையில் கேட்டு வாங்கி வந்ததாம். வேலை எளிது: கொண்டு வந்த பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, அதன் மஞ்சள் தூளை எங்கள் மரத்துப் பூவின் ஒட்டும் தலையில் மெதுவாகத் தொட்டு எடுக்க வேண்டும். நான் தொட்டேன். தொட்ட பூவுக்குப் பக்கத்து இலையில் அக்கா அம்பு ஒட்டிக்கொண்டே வந்தாள். தொடாததற்கு ஒட்டவில்லை. அவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எந்தப் பூ யாருடைய வேலை என்று பிறகு தெரிய வேண்டாமா என்றாள்.

அத்தான் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. பிள்ளை பொறந்தா யாரு பேரு வைக்கிறது?"

"நீங்க வெட்டாம இருந்தா நீங்களே வைங்க" என்றாள் அக்கா.

கைக்கெட்டிய கிளைகளில் மட்டும் செய்தோம். மேல் மரங்களை முடித்துச் சரிவின் கீழே கடைசி நான்கு மரங்களுக்கு வந்தபோது முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. மேல் மரங்களில் பூசி ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. அவை எப்படியாவது தப்பிக்கும். இந்த நான்கிலும் இப்போதுதான் தொட்டிருக்கிறேன். ஒரு நல்ல மழை போதும், எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

"முடிஞ்சிது" என்றேன்.

அக்கா ஒரு கிளையின் மேல் தன் குடையை விரித்துப் பிடித்தாள். ஒரு குடை, ஒரு கிளை. மழை கூடியது. பின்னால் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. அத்தான் லொறியில் மரக்கறியை மூடும் தார்ப்பாய்ப் படங்கை அவிழ்த்து, சேற்றில் இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? அந்த மூலையப் பிடி மச்சான். நீ படிச்சது நூலப் பிடிக்க மட்டுமா?"

நான்கு மரத்தில் மூன்றுக்குத்தான் படங்கு எட்டியது. ஒரு முனையை வேலிக் கம்பத்திலும் மறுமுனையை லொறிக் கயிற்றால் பலாமரத்திலும் கட்டினோம். மழை நிற்கும்வரை மூவரும் அதன் கீழே குனிந்து நின்றோம். பூ வாசனையும் போன வாரத்து லீக்ஸ் வாசனையும் ஒன்றாக அடித்தன. மரக்கறிக்கு என்ன போர்த்துவது என்று அக்கா கேட்டாள். "ஒன் ஜம்போலா காய்க்காட்டி, அடுத்த மழைக்கு மரக்கறி மேல ஒன்னத்தான் போர்த்தணும்" என்றார் அத்தான். ஆனால் பக்கத்து இலையில் தளர்ந்திருந்த ஒரு அம்பை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டார். நான் பார்த்தேன்.

வருடப் பிறப்புக்கு முந்திய சனிக்கிழமை மறுபடி போனேன். அதே பஸ், அதே வளைவு. அக்கா தொலைபேசியில் வந்து பார் என்று மட்டும் சொன்னாள். கலஹாவில் இறங்கி, திரீவீல் ஆட்டோக்காரர் கேட்ட விலைக்குப் பேரம் பேசாமல் ஏறினேன். நான் அப்படிச் செய்பவனில்லை.

வெள்ளையெல்லாம் போய்ச் சரிவு வெறும் பச்சையாக இருந்தது. பச்சைக்குள் பச்சை, முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சிவப்பு அம்பு கண்ணில் பட்டது. அதன் பக்கத்தில் தேசிக்காய் (எலுமிச்சை) அளவு ஒரு காய். அடுத்த அம்பு, அடுத்த காய். அம்பு இல்லாத காம்புகள் வெறுமையாக நின்றன. எல்லா அம்புக்கும் காய் இல்லை. மழையில் நனைந்த மேல் மரங்களில் குறைவு. நாங்கள் படங்கு பிடித்த மூன்றிலும் நிறைய. படங்கு எட்டாத நான்காவதில் மூன்றே காய். கழுவிக்கொண்டு போன இடத்தில்கூட மூன்று பூவில் மகரந்த நூல்கள் அடிவரை இறங்கிப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அத்தான் எனக்கு முன்னால் சரிவில் இறங்கி, ஒவ்வொரு மரமாக எனக்குக் காட்டினார். ஏதோ அவர்தான் நட்டது போல. நடுவில் தொலைபேசி அடித்தது. மரம் வெட்டுபவர். நான் நிற்பதை மறந்து அத்தான் பேசினார்.

"இல்லண்ணே, வர வேணாம்... என்னது? மெஷின் பெற்றோல் ஊத்தியாச்சா? ஊத்துனா ஊத்துனதுதான்... காய் வந்திருச்சுண்ணே. எங்க வீட்டம்மா மரம். அவ தம்பி ஒரு பூவக் கொண்டாந்து... அது ஒங்களுக்குச் சொன்னா வெளங்காது. நேர்ல வாங்க, பாருங்க, மெஷினக் கொண்டாராதீங்க."

அக்கா படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடமாக அம்பு ஒட்டுகிறாள். அவள் அம்பு பட்டதெல்லாம் கழிவுப் பெட்டிக்குத்தான் போனது. அவள் முகத்தைப் படமெடுத்தேன். போடச் சொல்லிக் கேட்காதீர்கள், போட மாட்டேன்.

"திங்கக்கெழம ஃபேக்டரில அம்பு ஒட்டுறப்ப எனக்குச் சிரிப்பு வந்துரும்டா" என்றாள்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியவை. பம்பளிமாஸ் நடுகிறவர்கள், எவ்வளவு இனிப்பான மரமாக இருந்தாலும், ஒரே மரத்திலிருந்து எல்லாக் கன்றையும் ஒட்டாதீர்கள். நடுவில் வேறு இனம் ஒன்றிரண்டாவது நிற்கட்டும், புளித்தாலும் பரவாயில்லை. கையால் பூசுவதானால் காலையில் விரிந்த பூவை எடுங்கள், ஈரமில்லாத பெட்டியில் வையுங்கள், தேநீர் குடிக்கப் போனாலும் பெட்டியைக் கூடவே கொண்டு போங்கள். வத்தேகமவுக்கு ரயில், திரும்ப பஸ். சனிக்கிழமை மகையாவையில் பஸ்ஸை நம்பாதீர்கள். கலஹாவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மழை உங்களுக்காகக் காத்திருக்காது.

ரிஸ்வி நானா தன் மரத்திலிருந்து ஒட்டிய இரண்டு கன்றுகளை அனுப்பியிருக்கிறார். கன்றுகளின் வேரைச் சுற்றிய சாக்கில் ராத்தா நன்றாகத் தண்ணீர் தெளித்துக் கட்டியிருந்தார். இந்த முறை சரியாகத்தான் தெளித்திருந்தார். அத்தான் அவற்றைச் சரிவின் நடுவில் நட்டிருக்கிறார். அவை பூக்கத் தொடங்கிவிட்டால் என் சாப்பாட்டுப் பெட்டிக்கு வேலையில்லை, தேனீ பார்த்துக்கொள்ளும். அதுவரை ஒவ்வொரு மார்ச்சிலும் நான் போவேன். வேலியில் பூசணி தொங்கிய கம்பியில் இப்போது அக்கா ஒரே ஒரு சிவப்பு அம்பை ஒட்டி வைத்திருக்கிறாள், வீதியில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று. அது மரங்களின் பக்கம் காட்டுகிறது.